பதினெட்டு வீட்டுக்கும் ஒரே பதில்

ஏப்ரல் 6

குடும்பக் கடன் கணக்கெடுப்பு ஆபீஸின் மேற்பார்வையாளர் ஐயாவுக்கு,

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். உங்கள் விலாசம் உங்கள் ஆபீஸ் பெண் கொடுத்துவிட்டுப் போன சீட்டில் இருந்தது. சீட்டு எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை.

போன நவம்பர் பதினோராம் தேதி காலை பத்தரைக்கு அந்தப் பெண் எங்கள் சந்துக்கு வந்தாள். நீலப் பை, இடது செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அதை நான்தான் தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. எங்கள் சந்தில் பதினெட்டு வீடு. பதினெட்டிலும் பெண்கள் தையல் வேலை. துணிக்கடை முதலாளி துணி அனுப்புவார். நான் வெட்டிப் பிரித்துக் கொடுப்பேன், அவரவர் வீட்டில் பள்ளிக்கூடக் கால்சட்டையாகத் தைப்பார்கள். அதனால் என்னைக் கத்திரி அத்தை என்பார்கள்.

"ஏம்மா வெயில்ல வீடு வீடா அலையிற? என் ரூம்ல ஃபேன் இருக்கு, பெரிய மேஜை இருக்கு. எல்லாரையும் இங்கயே கூப்பிடறேன்" என்றேன். பாவம், அவளும் சரி என்றாள்.

முதலில் என்னைத்தான் கேட்டாள். வீட்டுக்குக் கடன் இருக்கா? பேங்கில் கடன் கேட்டீங்களா? கேட்கலைன்னா ஏன்? நான் சொன்னேன்: "கடனும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. எங்களுக்குத் தேவையும் இல்ல. அடுத்த கேள்வி கேளு." எனக்குப் பின்னால் பதினேழு பேரும் அதையே சொன்னார்கள். டீ குடித்தார்கள், போனார்கள்.

இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? துணிக்கடை முதலாளி, ஜூலை முடிவதற்குள் ஓவர்லாக் மெஷின் போடாத இடத்துக்கு இனி துணி அனுப்ப மாட்டேன் என்கிறார். ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷின் அது. நாற்பத்தெட்டாயிரம். பேங்கில் தையல் பெண்களுக்கு என்று சிறு கடன் கவுன்ட்டர் திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் மருமகள் போனாள். புது மானேஜர் அம்மா ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதில் எங்கள் பகுதியில் கடன் தேவைப்படுகிறவர்களே இல்லை என்று அச்சடித்திருக்கிறதாம். கவுன்ட்டர் வேறு பகுதிக்குப் போகிறதாம். அது உங்கள் புத்தகம்.

மருமகள் வீட்டுக்கு வந்து, "உங்க வாயாலதான் போச்சு அத்தை" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள். என் மகன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பான். மிச்ச நாள் எல்லாம் எனக்கு அவள் முகம்தான்.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டுச் சரியாகப் போடவும். சீக்கிரம் போடவும்.

கத்திரி அத்தை


ஏப்ரல் 17

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கணக்கெடுப்பில் தாங்கள் அளித்த பதிலே பதிவு செய்யப்பட்டுள்ளது. கடன் கேட்காததற்கான காரணங்களில் 'தேவையில்லை' என்பது நான்காம் எண். தங்கள் பகுதியின் பதினெட்டுப் படிவங்களிலும் அந்த எண்ணே உள்ளது. வெளியிடப்பட்ட புள்ளிவிவரத்தை ஒருவர் கடிதத்தின் பேரில் மாற்ற விதிகளில் இடமில்லை.

வங்கி எங்கள் அறிக்கையை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதற்கு இவ்வலுவலகம் பொறுப்பல்ல.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

மேற்பார்வையாளர்


ஏப்ரல் 22

ஐயாவுக்கு,

நான்காம் எண்ணாம். பதினாலு வருஷத்தை ஒரு நம்பருக்குள் மடித்து வைத்துவிட்டு நன்றி வேறு சொல்கிறீர்கள்.

ஏன் தேவையில்லை என்றேன் என்று யாராவது கேட்டீர்களா? கேளுங்கள்.

அந்தப் பேங்குக்குப் படி பதினொன்று. பதினாலு வருஷத்துக்கு முன்னால், என் பேத்தி பிறந்த வருஷம், இரண்டாவது மெஷின் வாங்கக் கடன் கேட்டு ஏறினேன். அப்போது இருந்த மானேஜர் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். காலை பத்திலிருந்து மத்தியானம் இரண்டு வரை என்னை நிற்க வைத்தார். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. இரண்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்து, "வீட்டு ஆம்பளையைக் கூட்டிட்டு வா" என்றார்.

"அவர் போய் நாலு வருஷம் ஆச்சு சார்."

"அப்ப மகனைக் கூட்டிட்டு வா. அவன் கையெழுத்து போடட்டும்."

"வேலையில்லாம உக்காந்திருக்கான் சார். நான்தான் அவனுக்குச் சோறு போடறேன். அவன் எனக்குக் கையெழுத்து போடணுமா?"

"இது பேங்க்மா. இங்க வாய்க்கெல்லாம் கடன் கிடையாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருமுனைப் பேனாக்கடைக்காரர். அன்றிலிருந்து அவர் கடையில் ஒரு பென்சில் வாங்கியதில்லை. இந்தக் காகிதமும் மூன்று தெரு தள்ளி வாங்கினது. இறங்கும்போது பதினொரு படியையும் எண்ணிக்கொண்டே இறங்கினேன். இனி ஏறினால் என் காலை வெட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இத்தனையும் உள்ளே இருக்கும்போது ஒரு சின்னப் பெண் வந்து, பேங்கில் ஏன் கேட்கவில்லை என்றால் நான் என்ன சொல்வேன்? 'பயமாக இருக்கிறது', 'கிடைக்காது என்று தெரியும்' என்று பதினேழு பேர் முன்னால் சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன். தேவையில்லை என்றேன். அது பதில் இல்லை ஐயா, முறைப்பு. உங்கள் ஃபாரத்தில் முறைப்புக்கு ஒரு நம்பர் போட்டு வையுங்கள்.

தப்பு உங்களுடையது. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கடனைப் பற்றிக் கேட்கிற ஆபீஸை நான் கண்டதில்லை. சரிசெய்யும் வரைக்கும் எழுதிக்கொண்டே இருப்பேன். தபால்தலை நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்.

கத்திரி அத்தை


மே 2

அம்மாவுக்கு,

இம்முறை பதினெட்டுப் படிவங்களையும் நானே எடுத்துப் பார்த்தேன்.

ஒரு குடும்பத்துக்கு வழக்கமாக முப்பத்தைந்து நிமிடம் ஆகும். உங்கள் சந்தில் ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது நிமிடம். பதினெட்டும் ஒரே இடத்தில் நிரப்பப்பட்டிருக்கின்றன. ஒருவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. அது மீறப்பட்டிருக்கிறது. இத்தனை பேரும் ஒரே பதில் சொன்னதை நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பகுதியின் இயல்பு என்று எடுத்துக்கொண்டோம். அந்த ஊழியரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம். அவருடைய ஒரு மாதச் சம்பளம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

மறு கணக்கெடுப்புக்கு வழி உண்டு. ஆனால் முதல் பதில்கள் ஏன் உண்மையாக இல்லை என்பதற்கு எழுத்தில் காரணம் வேண்டும். உங்களுடைய முறைப்பு உங்கள் ஒரு வீட்டுக்குத்தான் காரணம். மற்ற பதினேழு வீட்டுக்கு?

ஊழியர் தன் விளக்கத்தில் ஒன்று எழுதியிருக்கிறார். பதில் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரும், மேஜையருகே கத்திரிக்கோலுடன் நின்றவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்களாம்.

கேட்பதற்கு மன்னிக்கவும். அந்த அறையில் இருந்த யாருக்காவது மற்றவர்கள் பணம் தர வேண்டியிருந்ததா?

மேற்பார்வையாளர்


மே 6

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இஷ்டமில்லை.

அந்தப் பெண்ணின் சம்பளத்தைக் கொடுங்கள். ஃபேன் சுவிட்சைப் போட்டது நான்.


மே 15

அம்மாவுக்கு,

கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மறு கணக்கெடுப்புக்கான விண்ணப்பங்கள் இம்மாதம் முப்பதாம் தேதியோடு முடிகின்றன. அதன் பிறகு அடுத்த சுற்று மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். உங்கள் துணிக்கடை முதலாளி அதுவரை காத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை அலுவலகத் தாளில் எழுதக் கூடாது. அதனால்தான் வெறும் தாளில் எழுதுகிறேன். இந்தப் படிவத்தைத் தயாரித்தபோது முதலில் எங்களுக்குள்ளேயே கேட்டுப் பார்த்தோம். எனக்குக் கீழே வேலை செய்யும் பையன் என்னைக் கேட்டான், "சார், வீட்டுக்குக் கடன் ஏதாவது இருக்கா?" என்று. அப்போது தங்கை கல்யாணத்துக்கு வாங்கியதில் பாதி பாக்கி. மனைவியின் அண்ணனிடம் வேறு வாங்கியிருந்தேன். "இல்லப்பா, அடுத்த கேள்வி" என்றேன். அவன் எழுதிக்கொண்டான்.

கடனை அளப்பதுதான் என் உத்தியோகம். அளவுகோலின் முதல் கோட்டிலேயே பொய் சொன்னவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது உறுத்துகிறது.

எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

மேற்பார்வையாளர்


மே 19

தம்பிக்கு,

ஆமாம். நான்தான்.

இப்போது திருப்தியா? எழுதிக்கொள்ளுங்கள். சந்தில் பதினோரு வீட்டுக்கு நான் கொடுத்திருக்கிறேன். நோட்டுப் புத்தகம் கிடையாது, எல்லாம் தலைக்குள் இருக்கிறது. பொத்தான் தைக்கிறவளுக்கு ஆஸ்பத்திரிக்கு நாலாயிரம், போன ஆடி முடிந்த மறுநாள். மூன்றாவது வீட்டுக்காரிக்குப் பிள்ளை ஃபீஸுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, அன்றைக்கு மழை, குடை கூட இல்லாமல் வந்தாள். மற்ற ஒன்பதையும் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது அவர்கள் விஷயம்.

நூற்றுக்கு மூன்று வட்டி. வாரத் தவணைக்காரன் பத்து வாங்குகிறான், வாசலில் நின்று கத்துகிறான். நான் ஒருத்தியிடமாவது குரலை உயர்த்தியிருக்கிறேனா, கேட்டுப் பாருங்கள். பேங்க்காரன் என்னை நிற்க வைத்தான். நான் கேட்டு வந்தவளையெல்லாம் உட்கார வைத்துத்தான் கொடுத்தேன். இதில் எனக்கு வெட்கமில்லை.

உங்கள் கடிதத்தை மேஜைமேல் விட்டிருந்தேன். மருமகள் படித்துவிட்டாள். ஐம்பது நாளுக்கு மேல் வாய் திறக்காதவள் நேற்று திறந்தாள்.

"நீங்க உக்கார வெச்சுத்தான் கொடுத்தீங்க அத்தை. யார் இல்லன்னா? ஆனா அன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்துக்கிட்டு, எனக்குக் கடன் இருக்கு, பேங்குல கொடுத்தா வாங்கிப்பேன்னு யாரால சொல்ல முடியும்? உங்க கடனை விட்டுட்டு ஓடப் பாக்கறாளேன்னு நெனைப்பீங்களோன்னு பயம். நீங்க மறக்கற ஆளா?"

"நீயும் பயந்தியா?"

"உங்க பக்கத்துலயே நின்ன நான்தான் முதல்ல பயந்தேன்."

வெட்டிக்கொண்டிருந்த துணி கோணலாகப் போய்விட்டது. நாற்பது வருஷத்தில் இரண்டாவது தடவை.

இன்னொன்று. கடனும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை என்றேனே, அதுவும் பொய். துணிக்கடை முதலாளியிடம் இருபத்திரண்டாயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறேன். கூலியில் மாதாமாதம் பிடிக்கிறார். என் சங்கிலி அடகில் இருக்கிறது. அந்தப் பணத்தை எடுத்துத்தான் சந்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை தம்பி, நீங்கள் தாளில் பொய் எழுத வைத்தீர்கள், நான் ஒரு சந்து முழுவதையும் பொய் சொல்ல வைத்தேன்.

பேங்க் கவுன்ட்டர் வந்தால் என் மூன்று வட்டி போகும் என்று எனக்குத் தெரியாதா? போகட்டும். என் முந்தானை முடிச்சை அவிழ்த்தால் ஆஸ்பத்திரிக்கு வரும், ஃபீஸுக்கு வரும், நாற்பத்தெட்டாயிரத்துக்கு வராது. மெஷின் இல்லாமல் துணி நின்றுபோனால் பதினெட்டு அடுப்பும் நின்றுபோகும்.

இதுதான் காரணம், எழுத்தில். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

கத்திரி அத்தை


ஜூன் 1

அம்மாவுக்கு,

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதே ஊழியர் ஜூன் பத்தாம் தேதி வருவார். அவருடைய சம்பளம் விடுவிக்கப்பட்டுவிட்டது.

நிபந்தனைகள்: ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், தனியாக, கதவு சாத்தியபடி. உங்கள் வீட்டிலும் மருமகளைத் தனியாகக் கேட்போம், உங்களைத் தனியாகக் கேட்போம். மற்றவர்களைக் கேட்கும்போது நீங்கள் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யாருக்கும் சொல்லித்தரக் கூடாது. நல்ல எண்ணத்தோடும் கூடாது.

கடைசி வரியை உங்களுக்காகவே சேர்த்தேன்.

மேற்பார்வையாளர்


ஜூன் 14

தம்பிக்கு,

மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் சந்து முனையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

பேனாக்கடைக்காரர் கடந்து போனார். "என்ன, மருமக வீட்டை விட்டுத் தொரத்திட்டாளா?" என்று சிரித்தார். பதினாலு வருஷம் கழித்து அவரிடம் பேசினேன்: "இங்க வேலை நடக்குது. உங்க வழியப் பாத்துப் போங்க."

கதவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டுக் கதவு ஒரு மணி பத்து நிமிஷம் திறக்கவில்லை. என்னிடம் வாங்கினது ஒன்றுதான். ஒரு மணி நேரம் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது? அப்படியென்றால் வேறு எங்கெல்லாம் வாங்கியிருக்கிறாள்? எனக்கே தெரியாமல்! பொத்தான் தைக்கிறவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, என்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என் மருமகள் மட்டும் நேராகப் பார்த்தாள்.

கடைசியில் என்னைக் கேட்டாள் உங்கள் ஆபீஸ் பெண். எல்லாக் கடனையும் சொன்னேன், தேதியோடு. பேங்கில் கேட்டீங்களா என்றாள். "கேட்டேன்" என்றேன். "எப்போ?" "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "கடைசி பன்னிரண்டு மாசம்தான் எழுத முடியும் அத்தை. அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு இடம் இல்ல" என்றாள். கிடைக்காது என்று நினைத்துக் கேட்கவில்லை என்று இரண்டாம் எண் போட்டாள். போட்டுக்கொள் என்றேன். உங்கள் ஃபாரத்துக்குப் பன்னிரண்டு மாதம்தான் ஞாபகம் இருக்கும் போல. என்னை அப்படிப் படைக்கவில்லை.

இப்போது ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். எத்தனை பேர் என்னிடம் வாங்கியதாகச் சொன்னார்கள்? யார் சொல்லவில்லை? மருமகள் என்ன சொன்னாள்? ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் போட்டால் போதும். படித்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன்.

கத்திரி அத்தை


ஜூன் 25

அம்மாவுக்கு,

திருத்திய அட்டவணை வங்கிக்கு அனுப்பப்பட்டுவிட்டது. உங்கள் பகுதி இப்போது 'தேவையுண்டு, ஆனால் கேட்கவில்லை' என்ற வரிசையில் இருக்கிறது. புத்தகத்தின் அடுத்த பதிப்பில் எங்கள் பிழையும் அடிக்குறிப்பில் இருக்கும். என் பெயரில்.

நீங்கள் கேட்ட மூன்றையும் சொல்ல மாட்டேன். என் மேலதிகாரி கேட்டாலும் சொல்ல மாட்டேன். சாத்திய கதவுக்குள் சொன்னது அங்கேயே இருக்கும்.

கோபப்படுவீர்கள். தெரியும்.

மேற்பார்வையாளர்


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

கோபப்பட்டேன். ஆறு வாரம் பட்டேன். அதனால்தான் தாமதம்.

உங்களைச் சோதிக்கத்தான் கேட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு? தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீங்கள் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே மகிழ்ந்திருப்பேன், மறு நிமிஷத்திலிருந்து உங்கள் ஆபீஸுக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூலை எட்டாம் தேதி கவுன்ட்டர் திறந்தார்கள். மருமகளோடு நானும் போனேன். படி இன்னும் பதினொன்றுதான், புதிதாகக் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். நான் கம்பியைப் பிடிக்கவில்லை. மானேஜர் அம்மா எழுந்து, "உக்காருங்கம்மா" என்றார். "பரவாயில்ல, நிக்கறேன். எனக்குப் பழக்கம்" என்றேன். மருமகள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உங்க சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க அத்தை, முதல்ல மெஷின்" என்று காதில் சொன்னாள். அவள் சொல்வது நியாயம்தான். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

கடன் அவள் பேரில். ஜாமீன் கையெழுத்து யார் என்று கேட்டார்கள். மகன் லாரியில் இருந்தான். "நான்" என்றேன். மானேஜர் அம்மா ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

ஜூலை இருபத்தேழில் மெஷின் வந்தது. எங்கள் ரூமில்தான் வைத்திருக்கிறோம், சந்து முழுவதும் முறை வைத்து ஓட்டுகிறது. துணி நிற்கவில்லை. பொத்தான் தைக்கிறவளும் இன்னொருத்தியும் பேங்கில் வாங்கி என் கடனை அடைத்துவிட்டார்கள். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் சுளித்தேன். மூன்றாவது வீட்டுக்காரியை எங்கெல்லாம் வாங்கினாய் என்று இன்றுவரை கேட்கவில்லை. தினமும் கேட்காமல் இருக்கிறேன்.

பேங்கு ஃபாரத்தில் ஜாமீன்காரருக்கு ஒரு கேள்வி இருந்தது: இதற்கு முன் வங்கிக் கடன் மறுக்கப்பட்டதா, ஆம் எனில் விவரம். பன்னிரண்டு மாதம் என்று அதில் எங்கும் போடவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தேதி எழுதினேன், மணி எழுதினேன், காலி நாற்காலியை எழுதினேன், உள்பக்கம் கட்டின கடிகாரத்தை எழுதினேன், என்ன சொன்னார் என்பதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன்.

மானேஜர் அம்மா எட்டிப் பார்த்து, "இவ்வளவு வேண்டாம்மா. ஆமான்னு ஒரு டிக் போட்டாப் போதும்" என்றார்.

"போதாது" என்றேன். கொடுத்திருந்த இடம் ஒரு வரிதான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.

கத்திரி அத்தை